ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வருபவர்

கேள்வி: பேஸ்பாலில் கடைசியில் வந்து கொஞ்ச நேரம் பந்து வீசிவிட்டுப் போகிறவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பதில்: மரியானோ ரிவேரா வீசுவதைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். பனாமா மீனவரின் மகன். 1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஆடினார். முன்னிலையைக் கைவிடாமல் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் அது ஒரு ‘சேவ்’. அவர் கணக்கில் 652!

1997-ல் சக வீரரோடு பந்தை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பந்து கடைசி நொடியில் தானாக விலகியது. நேராக்கப் பார்த்தார், முடியவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதுதான் அவருடைய ‘கட்டர்’ என்ற வீச்சு. இடக்கை ஆட்டக்காரரின் விரல்களை நோக்கி உள்ளே திரும்பும். மட்டையின் கைப்பிடிப் பக்கம் பட்டு, மட்டையே உடையும்.

அவரும் தோற்றிருக்கிறார். 2001 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டி) ஏழாவது ஆட்டத்தில், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலை கைநழுவியது. கோப்பையும் போனது. இந்த வேலையில் ஒரு தவறுக்கு அவ்வளவு விலை. அதன் பிறகும் 12 ஆண்டுகள் பந்து வீசும் அதே மேட்டில் நின்றாரே, எனக்கு அதுதான் பெரிது.

2013 செப்டம்பரில், சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம். வீச்சாளரை மாற்றும்போது வழக்கமாக மேலாளர்தான் வந்து அழைத்துப்போவார். அன்று அவர் வரவில்லை. நெடுநாள் தோழர்கள் ஜீட்டரும் பெட்டிட்டும் வந்தார்கள். பெட்டிட் தோளில் முகம் புதைத்து ரிவேரா அழுதார்.