பன்றி வேட்டையும் சிறுத்தையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவைக்காரன். இப்போது நோர்வேயில் வேலை. இங்கே கூட வேலை செய்கிறவர்களில் பலர் வேட்டைக்குப் போவார்கள். "நாங்கள் சுடாவிட்டால் மூஸ் மான் பெருகி இளமரங்களை மிச்சம் வைக்காது, ஓநாயையும் நாங்கள்தான் கட்டுக்குள் வைக்கிறோம்" என்பார்கள். ஊரில் மாமாவும் பன்றி பிடிக்கிறவர். அவர் பேச்சும் இதேதான்: "நாங்கள் இல்லாவிட்டால் ஒரு கிழங்கு மிஞ்சாது. பன்றி குறைந்தால் சிறுத்தையும் லயத்துப் பக்கம் வராது." இங்கே இவர்களுக்கு மரியாதை, ஊரில் மாமாவுக்குப் பொலிஸ். இது நியாயமா?

ர., ஒஸ்லோ

அன்புள்ள ர.,

மாமா பொய் சொல்லவில்லை. பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உருளைக்கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் அவரை லேசில் குறை சொல்லமாட்டார்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போடுகிற குடும்பத்துக்கு அது பெரிய அடி.

ஆனால் காட்டுக்குக் கணக்குப்பிள்ளை நான்தான் என்று வேட்டைக்காரர் நினைப்பது நம் மலைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்து அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். யானை பயிரை அழிக்கிறது என்று அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்த காலம் அது. ரொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் நாய்க் கூட்டத்தை விட்டு மரை மானைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றார். அவர் பெயரில் ஹோர்ட்டன் சமவெளியில் நீர்வீழ்ச்சியே இருக்கிறது. துரை நாய் விட்டால் வீரம், தோட்டத்து ஆள் நாய் விட்டால் திருட்டு வேட்டை. உங்கள் கோபத்தில் இந்தப் பாதி எனக்கும் உண்டு.

அதே துரைமார்தான் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுட ஒன்றும் மிஞ்சாது என்ற பயம்தான் முதல் காரணம். அதுதான் பிறகு வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. அப்படிப் பார்த்தால் வேட்டைக்காரன் காவல்காரனாக மாறுவது நடக்காத காரியமில்லை. நுவரெலியா மேட்டு யானைகளுக்குத்தான் அது பிந்திப்போயிற்று.

இப்போது நோர்வே. உங்கள் நண்பர்கள் பரீட்சை எழுதித்தான் வேட்டைக்குப் போகிறார்கள். பெரிய விலங்கைச் சுட வேண்டுமானால் வருடாவருடம் குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். ஆண்டுக் கட்டணம் வனவிலங்கு நிதிக்குப் போகிறது. எத்தனை சுடலாம் என்று முன்னமே சொல்லப்படுகிறது, எத்தனை சுட்டோம் என்று பின்னால் எழுதிக் கொடுக்கிறார்கள். மூஸ் விஷயத்தில் அவர்கள் மார் தட்டிக்கொள்வதில் தப்பில்லை. ஓநாய் என்றதும் கதை மாறுகிறது. ஓநாய் அவர்கள் சுட நினைத்த மூஸைத் தின்கிறது, வேட்டை நாயையும் கொல்கிறது. பங்குக்கு வந்த ஆளே பஞ்சாயத்துக்கும் உட்கார்ந்தால் எப்படி? ஓநாய் பற்றி அங்கே ஓயாமல் சண்டை நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, மாமாவிடம் வருவோம். அவர் நாயோடு போகிறவரா, கம்பிச் சுருக்குப் போடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முழு வழக்கும் அதில்தான் இருக்கிறது. நாயோடு போகிறவருக்கு எதிரே நிற்பது பன்றியா வேறொன்றா என்று தெரியும், வேண்டாமென்றால் நாயைத் திருப்பிக் கூப்பிடலாம். பழைய பிரேக் கேபிளில் சுருக்குப் போட்டு, பன்றி வரும் தடத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பவருக்கு அது தெரியாது. அந்தத் தடத்தில் பன்றி மட்டுமா நடக்கிறது? 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் கறுஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. கழுத்தில் கம்பி இறுகியிருந்தது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. அந்தக் கம்பியைக் கட்டியவர் சிறுத்தையை நினைத்தே இருக்கமாட்டார். மலைநாட்டில் சிறுத்தைகளைக் கொல்வதில் துப்பாக்கியை விட இந்தக் கம்பிதான் முன்னால் நிற்கிறது. கம்பி கட்டுகிறவரை எந்த அர்த்தத்திலும் காட்டை நிர்வகிப்பவர் என்று என்னால் சொல்ல முடியாது. என்ன செத்தது, எத்தனை செத்தது என்று அவருக்கே தெரியாதே.

பன்றி குறைந்தால் சிறுத்தை வராது என்பது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. மலைச் சிறுத்தைக்குப் பன்றிக்குட்டி, கேளையாடு, முள்ளம்பன்றி எல்லாம் சாப்பாடு. அவற்றைப் பிடித்துத் தீர்த்தால் மிஞ்சுவது லயத்து நாய். நாய்க்காகத்தான் அது பெரும்பாலும் வாசல் வரை வருகிறது. அந்த நாய்கள் பெருகுவது நாம் கொட்டும் குப்பையிலும் இறைச்சிக் கழிவிலும். (மாமாவிடம் வேட்டை நாய் இருந்தால், கட்டி வைக்கிறாரா?) சிறுத்தை இருந்தால் பன்றித் தொல்லை தீரும் என்றும் நான் சொல்லவரவில்லை, தீராது. பாத்தியைக் காக்க வேலியும் இராக்காவலும் வேண்டும். அந்தச் செலவைத் தொழிலாளி தலையில் மட்டும் கட்டாமல் தோட்ட நிர்வாகமும் ஏற்க வேண்டும்.

ஆகவே பொலிஸ் நியாயமா என்ற கேள்விக்கு, கம்பி என்றால் ஆம் என்பதுதான் என் பதில். அடுத்த முறை போன் பேசும்போது மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், பக்கத்து மலையில் யார் யார் கம்பி கட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர்களிடம் போய் அவிழ்க்கச் சொல்ல அவர் தயாரா? என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.