நோய் உடம்பில் இருக்கும்போது மனநல ஆலோசனை எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தது. நோய் கல்லீரலுக்கும் பரவியிருப்பதால் இப்போது கீமோதெரபி நடக்கிறது. இரண்டு மாதங்களாக அவர் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. பார்க்க வருபவர்களையும் தவிர்க்கிறார். "எனக்காக இனிமே செலவு பண்ணாதீங்க" என்கிறார். தைரியமாக இருக்கும்படி நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம். மனநல ஆலோசனை பெறலாம் என்று மருத்துவர் சொன்னதற்கு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்பட்டார். நோய் உடம்பில் இருக்கும்போது பேசுவதால் என்ன மாறிவிடும்? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: பேசுவதால் கட்டி கரையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குக் குழு ஆலோசனை அளித்தபோது அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் 1989-இல் வெளியிட்ட ஆய்வு பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. அதே முறையைச் சோதித்து 2001-இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்திருந்தன. ஆலோசனையிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது பயனைத்தான். நம்பிக்கையோடு இருந்தால் நோயை வென்றுவிடலாம் என்று யாராவது உறுதி கூறினால் அவரிடம் அப்பாவை அழைத்துச் செல்லாதீர்கள். நோய் முற்றும்போது, தம் பயம்தான் அதற்குக் காரணம் என்று நோயாளி தம்மையே குற்றம் சாட்டிக்கொள்ள அந்தப் பேச்சே வழி செய்துவிடும்.

இனி, உங்கள் அப்பாவின் மௌனம் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் 9 கேள்விப் படிவத்தில் தூக்கம், பசி, களைப்பு ஆகியவையும் கேட்கப்படுகின்றன. கீமோதெரபி பெறுபவருக்கு இவை மூன்றும் மருந்தாலேயே கெட்டுப்போகக்கூடும் என்பதால், மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நல்ல செய்தி வந்தால் அவர் முகம் சற்றேனும் மலர்கிறதா, முன்பு விரும்பிச் செய்தவற்றில் உடம்பு இடம் கொடுக்கும் நேரத்திலும் ஆர்வமில்லையா, தாம் எதற்கும் பயனில்லை என்ற எண்ணம் ஓயாமல் வருகிறதா என்பவைதான் இங்கே எடை மிகுந்த கேள்விகள்.

உடல் சார்ந்த காரணங்களையும் விட்டுவிடக் கூடாது. குமட்டலைத் தடுக்கக் கீமோதெரபியுடன் தரப்படும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அவற்றை நிறுத்திய அடுத்த சில நாட்களில் மனம் சரிவதும் உண்டு. ஆகவே வாட்டம் எந்த நாளில் கூடுகிறது, எந்த நாளில் குறைகிறது என்று ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, அடங்காத வலி ஆகியவையும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கலாம். வலியோடு இருப்பவரிடம் மனத்தைத் திடப்படுத்தச் சொல்வதைவிட வலிக்கு உரிய மருந்து கொடுப்பதே முதல் ஆலோசனை என்பேன். இதற்கு மாறாக, பேச்சு திடீரென்று குழம்பி, பகலில் தூங்கி இரவில் தடுமாறினால் அது மனச்சோர்வாக இல்லாமல் நோய்த்தொற்றாலோ மருந்தாலோ வந்த மூளைக் குழப்பமாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செலவு செய்ய வேண்டாம் என்ற சொல்லுக்கு வருகிறேன். தீவிர நோயில் இருப்பவர்கள் இதை மிக அடிக்கடி சொல்வார்கள். எல்லோரும் ஒரே பொருளில் சொல்வதில்லை. குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டோம் என்ற குற்றவுணர்வாக இருக்கலாம். சிகிச்சையின் வேதனை போதும் என்ற களைப்பாக இருக்கலாம். இந்த மருந்தால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்கத் துணியாமல் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வியாகவும் இருக்கலாம். வீட்டில் இதற்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா." அன்பில் பிறந்த பதில்தான், ஆனால் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. "தைரியமா இருங்க" என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. பயம் என்று ஒன்று இருப்பதைச் சொல்லவே இடமில்லாமல் போகிறது. நீங்கள் அழுதுவிடுவீர்களோ என்று அவரும், அவர் உடைந்துவிடுவாரோ என்று நீங்களும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆலோசகரின் அறையில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கதவைத் திறக்கும் வேலை. முதல் அமர்வில் அனுபவமுள்ள ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லமாட்டார். நோய் எப்படித் தெரியவந்தது, மருத்துவர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, ஒரு நாளில் எந்த நேரம் மிகக் கடினமாக இருக்கிறது என்று கேட்பார். "விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது" என்று நோயாளி சொன்னால், "அப்போது என்ன நினைவு வருகிறது?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். மகளின் திருமணம், அடைக்காத கடன், மூச்சுத் திணறிச் சாக நேருமோ என்ற பயம் என்று அங்கே எதுவும் வெளிவரலாம். கடன் என்றால் அதற்கு ஒரு திட்டம் போடலாம். மூச்சுத் திணறல் பற்றிய பயம் என்றால் அதைத் தணிக்க மருந்துகள் உண்டு என்று மருத்துவரே விளக்கலாம். பெயரில்லாத பயத்துக்கு இப்படி எதுவும் செய்ய முடியாது.

முற்றிய நோயில் இருப்பவர்களுக்கென்றே வகுக்கப்பட்ட சுருக்கமான முறைகளும் உண்டு. கனடாவின் கேரி ராடின் குழுவினர் உருவாக்கிய முறை மூன்று முதல் ஆறு அமர்வுகளிலேயே முடிகிறது. அதே நாட்டைச் சேர்ந்த ஹார்வி சோச்சினோவின் முறையில், நோயாளி தம் வாழ்வில் முக்கியமென்று கருதுபவற்றைப் பேசிப் பதிவு செய்கிறார். அது எழுத்தாக்கப்பட்டு, அவரே திருத்திய பிறகு, அவர் விரும்பியவர்களுக்குக் கொடுக்கக் கையில் தரப்படுகிறது. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரையும் தேவைப்படலாம். அது முழுமையாக வேலை செய்யச் சில வாரங்களாகும். அதைப் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்ஸிஃபெனின் செயல்பாட்டைப் பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை குறைத்துவிடுவது போன்ற மோதல்கள் மருந்துகளுக்கிடையே உண்டு.

சம்மதிக்க வைப்பது பற்றி: பைத்தியமா என்று கேட்பவரிடம் வாதாடாதீர்கள். மனநலம் என்ற சொல்லையே எடுக்காமல், தூக்கத்துக்கும் களைப்புக்கும் உதவக்கூடிய ஒருவர் அதே மருத்துவமனையில் இருக்கிறார் என்று கீமோதெரபி நாளன்று புற்றுநோய் மருத்துவரே சொல்லட்டும். பிள்ளைகள் சொல்லி மறுப்பதைப் பலர் மருத்துவர் சொன்னால் ஏற்பார்கள். ஆனால் அந்த ஆலோசகர் யார் என்று அப்பா கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏமாற்றி அழைத்துச் சென்றால் இரண்டாவது முறை வரமாட்டார். ஒரே ஒரு முறை பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்ற உரிமையை அவரிடமே கொடுங்கள். அறைக்குள் அவர் தனியாகச் செல்லட்டும். வெளியே வந்ததும் என்ன பேசினீர்கள் என்று கேட்காதீர்கள், ஆலோசகரிடமும் விசாரிக்காதீர்கள். அப்போதும் மறுத்தால் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். பராமரிப்பவருக்கும் அங்கே இடமுண்டு.

வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அந்தப் பிரிவின் கவனிப்பைப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். செலவு வேண்டாம் என்பதற்கு அடுத்து "நான் இல்லாம போயிட்டா நல்லது" என்ற பேச்சு வந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியாக விடாதீர்கள். வலி மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.