பாபிலோனில் சிக்கியவன் நம் காலத்துக்குச் செய்தி அனுப்ப

நண்பரே, உங்கள் காலப்பயணக் கதையின் நாயகன் கி.மு. 1760இல், ஹமுராபி மன்னன் ஆளும் பாபிலோனில் (இன்றைய இராக்கில் இருந்த பழைய நகரம்) சிக்குகிறான். தோல் சுருளில் எழுதி அரண்மனைக்கு அடியில் புதைத்தால் நம் காலத்து நண்பர்கள் கையில் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. தோல் மட்கிவிடும். அதோடு, பாபிலோனில் அந்தக் காலத்து மண் அடுக்குகள் பெரும்பாலும் நிலத்தடி நீருக்குக் கீழே இருக்கின்றன. அகழ்ந்தவர்களால் அங்கே அதிகம் இறங்க முடியவில்லை.

அவனை யூப்ரடீஸ் ஆற்றில் படகேற்றித் தெற்கே 'ஊர்' நகரத்துக்கு அனுப்புங்கள். (கூலி எடை போட்ட வெள்ளியாகவோ பார்லியாகவோ இருக்கட்டும். நாணயம் வர இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும்.) 1922 முதல் 1934 வரை லியோனார்ட் வூலி என்ற தொல்லியல் அறிஞர் அங்கே சாதாரண மக்களின் வீடுகளையும் தோண்டினார். மட்டமான செம்பை விற்றதாக ஏயா-நாசிர் என்ற வியாபாரிக்கு ஒருவர் அனுப்பிய புகார்க் கடிதம்கூடத் தப்பிப் பிழைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரணம், அது களிமண் பலகை.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: அவர்கள் கடிதத்தை இன்னொரு களிமண் உறைக்குள் வைத்து மூடுவார்கள். உடைத்தால்தான் உள்ளே படிக்க முடியும். பிரிக்காத உறைகள் இன்றும் இருக்கின்றன, அவற்றை சிடி ஸ்கேன் மூலம் படிக்கிறார்கள். வெளியே அந்தக் காலத்து அக்காடிய மொழியில் சாதாரண பார்லிக் கணக்கு, உள்ளே உங்கள் நாயகனின் தாய்மொழி. அந்த எழுத்து ஸ்கேன் திரையில் மெல்லத் தெளியும் காட்சியை நீங்கள் எழுதிப் படிக்க ஆசையாக இருக்கிறது.