எரேமியா 29:11-க்கு முந்தின வசனம்

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று எடுக்கும் வேத வசன அட்டை) எரேமியா 29:11 வந்தது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கர்த்தர் கொடுப்பார் என்ற வசனம். என் மகன் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வேலை இல்லை. ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், "மூன்று மாதத்தில் பெரிய கம்பெனியில் வேலை" என்றார். எட்டு மாதம் போய்விட்டது. "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, நகையை அடகு வைத்தாவது விதைக் காணிக்கை கொடுங்கள்" என்கிறார் (ஆசீர்வாதம் விளையும் என்று விதைபோலக் கொடுக்கச் சொல்லும் காணிக்கை). ஊரிலேயே ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுத 12,000 ரூபாய்க்கு மகனைக் கூப்பிடுகிறார்கள். போனால் வாக்குத்தத்தத்தை விட்டுக்கொடுத்ததாகுமா?
— ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, மகனைக் கடை வேலைக்கு அனுப்புங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்பதற்கு உங்கள் அட்டையிலேயே பதில் இருக்கிறது.

அட்டையில் ஒரு வசனம்தான் அச்சாகும். 29:11 ஒரு கடிதத்தின் நடுவரி. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின 10-ஆம் வசனம், அவர்கள் ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது. அன்று அதைக் கேட்ட மூப்பர்களில் பெரும்பாலோர் திரும்பிவரும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? 5, 6 வசனங்களைப் படியுங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். வாக்குத்தத்தத்துக்குக் காத்திருப்பவர்களுக்குக் கர்த்தர் கொடுத்த வேலை இது. ஹார்டுவேர் கடைக் கணக்குப் புத்தகமும் இதில் அடங்கும்.

நம் தமிழ் வேதாகமத்தில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று வருவதால், நாம் மனதில் நினைத்த முடிவே கிடைக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எபிரெயத்தில் அங்கே இரண்டு சொற்கள்: முடிவு, நம்பிக்கை. வருங்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்பதுதான் பொருள். கம்பெனியின் பெயரோ சம்பளமோ அதில் இல்லை.

அந்த ஊழியர் சொன்னதற்கு நேரான சம்பவம் முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. அனனியா என்ற தீர்க்கதரிசி, "சிறைப்பட்டவர்கள் திரும்பிவர இரண்டே வருஷம்" என்று ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொன்னான். அது நடக்கவில்லை. சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொல்லாதது என்கிறது உபாகமம் 18:22. கேட்டவர்களின் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். காணிக்கையும் ஒருவனிடம் உள்ளதின்படிதான், இல்லாததின்படி அல்ல (2 கொரிந்தியர் 8:12). அடகு வைத்த பணம் வட்டியோடு திரும்பக் கட்டவேண்டிய கடன்.

காணாததை நம்புவது எப்படி இருக்கும் என்று பார்க்க 32-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் தன் சொந்த ஊரான ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்குகிறார்! சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும், நெடுநாள் கெடாதிருக்க, மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். வாங்கி முடித்த கையோடு ஜெபத்தில், "பட்டணமே பிடிபடப்போகிறதே, நிலத்தை வாங்கச் சொன்னீரே" என்று கேட்டும்விடுகிறார் (25-ஆம் வசனம்). கலங்கினார், ஆனால் கீழ்ப்படிந்த பிறகு கலங்கினார். உங்கள் கலக்கமும் விசுவாசத்துக்கு விரோதமானதல்ல.

இனி ஆறு இரவுகள், எரேமியா 27 முதல் 32 வரை, ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் மகனோடு வாசியுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் கர்த்தர் சொன்னது, யாருக்கு, எப்போது என்று எழுதுங்கள். வலப்பக்கம் நீங்கள் எதிர்பார்த்தது. இடப்பக்கத்தில் இல்லாத ஒன்று வலப்பக்கத்தில் இருந்தால், அதைத் தாராளமாக விண்ணப்பமாகக் கேளுங்கள். ஆனால் "நீர் வாக்குக் கொடுத்தீரே" என்று கேட்காதீர்கள். இந்த இரண்டும் கலந்துபோவதால்தான் பலர் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப்போகிறார்கள். ஜெபிக்க வார்த்தை வராத இரவில் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை "எதுவரைக்கும்" வருகிறது.

மகன் கடைக்குப் போய்க்கொண்டே கம்பெனிகளுக்கும் விண்ணப்பிக்கட்டும். அட்டையை எறிந்துவிடாதீர்கள். பின்பக்கம் காலியாக இருந்தால், 5 முதல் 10 வரையுள்ள வசனங்களை உங்கள் கையால் அதில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள்.