பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவாமல் மரபணு சிகிச்சையால் தடுக்க முடியுமா?

அப்பாவுக்குப் பெருங்குடல் கட்டியை அகற்றிவிட்டார்கள், அது கல்லீரலுக்குப் பரவாமலிருக்க மரபணு சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கென்று மருத்துவமனைகளில் வழக்கமாகத் தரப்படும் மரபணு சிகிச்சை இன்று எங்கும் இல்லை. இருக்கிறது என்று சொல்லி எவரேனும் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். என் அம்மாவுக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தபோது நானும் இதைத் தேடிப் படித்திருக்கிறேன்.

குடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தை அடையும் முன் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்து வடிகிறது. கட்டியிலிருந்து கழன்ற செல்கள் பெரும்பாலும் முதலில் அங்கே சிக்குவது அதனால்தான். ஆனால் சிக்கியவை எல்லாம் வேர்விடுவதில்லை. எவை வேர்விடுகின்றன என்ற கேள்விக்கு விடை தேடிய பெர்லின் ஆய்வாளர் உல்ரிக்கே ஷ்டைனின் குழு, 2009இல் எம்ஏசிசி1 என்ற மரபணுவைக் கண்டறிந்து, கட்டியில் அது மிகுந்து செயல்பட்டால் பிற உறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பும் மிகுதி என்று காட்டியது. எஸ்100ஏ4 என்ற இன்னொரு மரபணுவும் செல்கள் இடம்பெயரத் துணைபோகிறது. இதன் செயலை அடக்கும் ஆர்என்ஏவை உருவாக்கும் டிஎன்ஏ வளையங்களை எலிகளின் இரத்தநாளத்தில் செலுத்தியபோது, புற்றுநோய் பரவுவது குறைந்தது. நீங்கள் கேட்கும் மரபணு சிகிச்சைக்கு மிக அருகில் வருவது இதுதான். மனித உடலிலோ, எங்கெங்கோ ஒளிந்திருக்கும் ஒவ்வொரு புற்றுச் செல்லையும் அந்த மருந்து எட்ட வேண்டும். ஒன்றிரண்டு தப்பினாலும் போதும், நோய் திரும்பிவிடும்.

என்னை வியக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். எஸ்100ஏ4 உருவாவதைத் தடுக்கும் பொருளைத் தேடிய அதே குழுவுக்கு அகப்பட்டது நிக்லோசமைடு, அதாவது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள நாடாப்புழு மாத்திரை! நோய் ஏற்கெனவே பரவியவர்களிடம் பெர்லினில் அதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கடையில் வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்; புழுவைக் கொல்ல அது குடலில் இருந்தாலே போதும், ஆனால் குடலிலிருந்து இரத்தத்தில் அது மிகக் குறைவாகவே ஏறுகிறது.

உங்கள் மருத்துவரிடம் நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததா, கீமோ தேவையா, சிஇஏ (பெருங்குடல் புற்றுநோய் திரும்பினால் பலருக்கு இரத்தத்தில் உயரும் ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேளுங்கள். அம்மாவின் சிஇஏ அறிக்கை ஒவ்வொன்றிலும் முந்தைய எண்ணைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துத்தான் எடுத்துச் செல்வேன். எண் ஏறினால் உடனே கண்ணில் படும். கல்லீரலில் ஓரிரு புள்ளிகள் தோன்றினாலும், சீக்கிரம் தெரிந்தால் பலருக்கு அவற்றை வெட்டி எடுத்துவிட முடிகிறது, மீதமுள்ள கல்லீரலும் வளர்ந்துகொள்கிறது.