ஸ்கோரர் பதில்கள்: சின்சினாட்டியின் சிவப்புக் காலுறை அணி

போன இதழில் 'ஒரு சீசன் முழுக்கத் தோற்காத தொழில்முறை அணி உண்டா?' என்ற கேள்விக்கு, 1869-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆடிய சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் பேஸ்பால் அணியைச் சொல்லியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த அணியைப் பற்றித்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

ஒரு மேட்ச் கூடவா தோற்கவில்லை? நம்ப முடியவில்லையே!
— வாசகர், மயிலாடுதுறை

ஒன்று கூடத் தோற்கவில்லை. தேசிய பேஸ்பால் சங்கத்தில் சேர்ந்திருந்த அணிகளோடு ஆடியதில் 57 வெற்றி என்பதுதான் பெரும்பாலான நூல்கள் ஏற்கும் கணக்கு. ஒரே ஒரு மேட்சில்தான் வில்லங்கம். ஆகஸ்ட் 26-ம் தேதி, ட்ராய் நகரத்து ஹேமேக்கர்ஸ் அணியோடு சின்சினாட்டியில் ஆட்டம். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது 17-17. அடுத்து மெக்வே என்ற சின்சினாட்டி ஆட்டக்காரர் அடித்த பந்து மட்டையில் உரசிப் பின்னால் போனது. தரையில் ஒரு முறை பட்டு எழும்பியதும் பிடித்துவிட்டேன், அவுட் கொடுங்கள் என்றார் ஹேமேக்கர்ஸின் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி அடிப்பவருக்குப் பின்னால் நிற்பவர்) கிரேவர். அம்பயர் மறுத்தார். உடனே ஹேமேக்கர்ஸ் தலைவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டே போய்விட்டார்.

அம்பயர் சின்சினாட்டிக்கே வெற்றி என்று அறிவித்தார். சிலர் அதை டிராவாகவே எழுதுகிறார்கள். ஹேமேக்கர்ஸ் அணியின் மேல் சூதாடிகள் பெரிய தொகை கட்டியிருந்தார்கள், ஆட்டம் முடியாமல் நின்றால் பணம் போகாது என்பதால்தான் இந்த வெளிநடப்பு என்று அன்றே பரவலாகப் பேசிக்கொண்டார்கள். நான் பல காலம் லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோரராக உட்கார்ந்தவன். அம்பயர் சொன்னதுதான் ஏட்டில் ஏறும். என் ஏட்டில் அது வெற்றி.

காசு வாங்கி ஆடிய முதல் அணி இதுதான் என்கிறீர்கள். அதற்கு முன் யாருமே காசு வாங்கவில்லையா?
— வாசகி, தேனி

வாங்கினார்கள் அம்மா, நன்றாகவே வாங்கினார்கள். வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பேஸ்பால் கனவான்கள் பொழுதுபோக்குக்கு ஆடும் ஆட்டம், காசுக்கு ஆடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆனால் நல்ல ஆட்டக்காரன் என்றால் ஏதாவது ஓர் ஆபீஸில் வேலை போட்டுக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவார்கள். பிறகு சின்சினாட்டிக்கு வந்த ஜார்ஜ் ரைட் 1867-ல் வாஷிங்டன் அணிக்கு ஆடியபோது அரசாங்கக் குமாஸ்தா என்று பதிவு. அவர் வேலை பார்ப்பதாகக் கொடுத்திருந்த விலாசத்தில் இருந்தது ஒரு பொதுப் பூங்கா.

1869 சீசனுக்குத்தான் சங்கம் சம்பளத்தை வெளிப்படையாக அனுமதித்தது. சின்சினாட்டி கிளப்பின் தலைவர் ஆரன் சாம்பியன் என்ற வக்கீல். பத்துப் பேருக்கும், மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை எட்டு மாதத்துக்கு, சம்பளம் பேசி அமர்த்தினார். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ரன்னுக்கு ஓடுபவர் தொட வேண்டிய இடங்கள்) நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஜார்ஜ் ரைட்டுக்கு 1,400 டாலர், அதுதான் அணியில் அதிகம். அவருடைய அண்ணனும் கேப்டனுமான ஹாரி ரைட்டுக்கு 1,200. பந்து எறிபவரான பிட்சர் ஏசா பிரெய்னார்டுக்கு 1,100. மூன்றாம் பேஸில் நின்ற வாட்டர்மேனுக்கு 1,000. மற்றவர்களுக்கு 800, மாற்று ஆட்டக்காரருக்கு 600.

இவர்களுக்கெல்லாம் கைத்தொழில் இருந்தது. ஹாரி நகைத் தொழிலாளி, ஜார்ஜ் உலோகத்தில் எழுத்து வெட்டுபவர், கேட்சர் அலிசன் பளிங்குக்கல் வெட்டுபவர். ஸ்வீஸியும் லியனார்டும் தொப்பி செய்பவர்கள், மெக்வே பியானோ செய்பவர், கூல்ட் கணக்கு எழுதுபவர். அந்தத் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு எட்டு மாதம் தினமும் மைதானத்துக்கு வர வேண்டுமென்றால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? காசு வந்ததால் ஆட்டம் கெட்டது என்று அன்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இல்லாத ஆபீஸில் இருப்பதாகப் பொய் சொன்னதுதான் கேவலம். இவ்வளவு சம்பளம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதில் என்ன கேவலம்?

அந்தப் பத்துப் பேரில் உள்ளூர்க்காரர் கூல்ட் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் வெளியூர்.

கிரிக்கெட்டுக்கும் இந்த அணிக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். விளக்குங்கள்.
— வாசகர், காரைக்குடி

ஹாரி ரைட் பிறந்தது இங்கிலாந்தில், ஷெஃபீல்டில். சிறு பிள்ளையாக அமெரிக்கா வந்தார். அப்பா சாம் ரைட், நியூயார்க் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பின் சம்பள ஆட்டக்காரர். 1844-ல் அமெரிக்காவும் கனடாவும் மோதிய முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் நடந்ததே அந்த கிளப்பின் மைதானத்தில்தான். பிள்ளைகள் மட்டையோடு வளர்ந்தார்கள். ஹாரி 1865-ல் சின்சினாட்டிக்கு வந்ததும் பேஸ்பாலுக்காக அல்ல. அங்கிருந்த யூனியன் கிரிக்கெட் கிளப்புக்குச் சம்பள ஆட்டக்காரராகத்தான் வந்தார். கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் சம்பளம் வாங்குவது சாதாரணம். அதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு பேஸ்பாலில் மட்டும் அது ஏன் பாவம் என்று புரிந்திருக்காது.

அவர் கொண்டுவந்த இன்னொன்று பயிற்சி. மற்ற அணிகள் கூடினால் ஆடுவார்கள், கலைந்தால் போய்விடுவார்கள். ஹாரி தன் ஆட்களை ஒருவர் எறிந்தால் இன்னொருவர் பின்னால் காவலுக்கு ஓட வைத்தார். உயரப் போன பந்துக்கு இரண்டு பேர் ஓடி முட்டிக்கொள்ளாமல், யார் பிடிப்பது என்று பெயர் சொல்லிக் கூவ வைத்தார். எதிரணி ஆட்டக்காரர் எந்தப் பக்கம் அடிப்பவரோ அதற்கேற்ப ஃபீல்டை நகர்த்தினார். கையுறை கிடையாது, வெறும் கைதான்.

அன்று பிட்சர் 45 அடி தூரத்திலிருந்து கையைக் கீழாக வீசித்தான் எறிய வேண்டும். காயம் பட்டாலொழிய வெளியிலிருந்து ஆள் இறக்கவும் முடியாது. அதனால் பிட்சரை மாற்ற வேண்டுமென்றால் நம் கேப்டன்கள் பவுலரை மாற்றுவது மாதிரிதான். பிரெய்னார்டின் வேகம் எடுபடவில்லை என்றால், சென்டர் ஃபீல்டில் நிற்கும் ஹாரி தானே வந்து மெதுவான பந்துகளைப் போடுவார். வேகத்துக்குப் பழகிய கை தடுமாறிவிடும்.

அந்த சீசனில் உங்களுக்குப் பிடித்த மேட்ச் எது?
— வாசகர், திருநெல்வேலி

ஜூன் 15, புரூக்ளின். எதிரே நியூயார்க் மியூச்சுவல்ஸ். ஸ்கோர் 4-2.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் மற்ற ஸ்கோர்களையும் பார்க்க வேண்டும். மறுநாள் அட்லாண்டிக்ஸை 32-10 என்று ஜெயித்தார்கள், அதற்கு மறுநாள் எக்ஃபோர்டை 24-5. அந்தக் காலத்தில் முப்பது நாற்பது ரன் சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட காலத்தில் இரண்டு அணியும் சேர்ந்தே ஆறு ரன். பழைய ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டே கட்டம்தான் இருக்கும்: எத்தனை முறை அவுட், எத்தனை ரன். ரன் கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யம் நிற்கிற அட்டையைப் பார்த்தால் ஸ்கோரருக்குத் தெரியும், அன்று ஃபீல்டிங் எப்படி இருந்திருக்கும் என்று.

கடைசிக் கட்டத்தில் மியூச்சுவல்ஸ் 2-2 என்று சமன் செய்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் பேஸ்களில் நிற்கிறார்கள். அப்போது மூன்றாம் பேஸ் பக்கம் ஒரு பந்து சும்மா உயர எழும்பியது. வாட்டர்மேன் கைக்குள் விழ வேண்டிய பந்து. பிடித்திருந்தால் ஒரு அவுட். அவர் வேண்டுமென்றே நழுவவிட்டார்! பிடித்துவிடுவார், பிடித்தபின் ஓடினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று நினைத்து அந்த இரண்டு பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள். பந்து தரையில் விழுந்ததும் இருவரும் அடுத்த பேஸுக்கு ஓடியாக வேண்டிய கட்டாயம். அதற்குள் பந்து மூன்றாம் பேஸுக்கும் அங்கிருந்து இரண்டாம் பேஸுக்கும் பறந்தது. இரண்டு பேரும் அவுட். அப்புறம் சின்சினாட்டி இரண்டு ரன் எடுத்து ஜெயித்தது. இந்தத் தந்திரத்தைத் தடுக்கத் தனி விதி வந்தது 1890-களில்தான். அதுவரை இது முழுக்க நியாயமான ஆட்டம்.

தந்தி போனதும் ஊரில் கிப்சன் ஹவுஸ் ஓட்டல் முன்னால் பெருங்கூட்டம் கூடிக் கொண்டாடியது. அணியோடு கூடவே பயணம் செய்து ஒவ்வொரு மேட்சையும் எழுதி அனுப்பியவர் 'சின்சினாட்டி கமர்ஷியல்' பத்திரிகையின் ஹாரி மில்லர். அவர் மட்டும் இல்லையென்றால் நமக்கு இதில் பாதி தெரிந்திருக்காது.

எவ்வளவு தூரம் பயணம் செய்தார்கள்? லாபம் கிடைத்ததா?
— வாசகர், ஈரோடு

கிட்டத்தட்ட 12,000 மைல். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை அந்த வருடம் மே 10-ம் தேதிதான் முடிந்தது. செப்டம்பரில் இவர்கள் அதில் ஏறி சான் பிரான்சிஸ்கோ போய்விட்டார்கள்! அங்கே ஈகிள் கிளப்பை 35-4 என்று அடித்தார்கள். ஆசைக்கு கிரிக்கெட்டும் ஆடினார்கள். ஜூனில் கிழக்கே போன பயணத்தில் வாஷிங்டனில் ஜனாதிபதி கிராண்டைப் பார்த்தார்கள். அந்தப் பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் 27 அடி நீள மட்டை ஒன்றைச் செய்து பரிசாகக் கொடுத்தது உள்ளூர் மரக் கம்பெனி ஒன்று.

லாபமா? வரவு 29,726 டாலர் 26 சென்ட். செலவு 29,724 டாலர் 87 சென்ட். மிச்சம் 1 டாலர் 39 சென்ட். ஈரோட்டுக்காரர் கேட்ட கேள்வி என்பதால் சென்ட் வரை எழுதியிருக்கிறேன்.

கடைசியில் யார்தான் இவர்களை வீழ்த்தினார்கள்?
— வாசகி, தஞ்சாவூர்

புரூக்ளின் அட்லாண்டிக்ஸ். 1870 ஜூன் 14, கேபிடோலைன் மைதானம். டிக்கெட் 50 சென்ட். அன்றைக்கு அது அதிக விலை. இருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனம்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, 5-5. அட்லாண்டிக்ஸ் டிராவுக்குச் சம்மதித்துக் கிளம்பவே தயாராகிவிட்டார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. இந்த இடத்தில் ஹாரி ரைட் செய்ததை யோசித்துப் பாருங்கள். எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களாகத் தோல்வியே தெரியாத அணியின் கேப்டன். டிரா என்றால் அந்தப் பெருமை அப்படியே இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவரோ, முடிவு தெரியும் வரை ஆட வேண்டும் என்பதுதான் விதி என்று பிடிவாதமாக நின்றார். விதி தெரிந்தவர் என்று ஹென்றி சாட்விக்கைக் கேட்டார்கள். ஸ்கோர் அட்டையை ஊரறியச் செய்த அந்தப் பத்திரிகையாளரும் ஹாரி சொன்னதே சரி என்றார். ஆட்டம் தொடர்ந்தது.

பதினோராவது இன்னிங்ஸில் சின்சினாட்டி இரண்டு ரன் எடுத்தது, 7-5. இனி ஜெயித்தாயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். அட்லாண்டிக்ஸின் ஸ்மித் அடித்து பேஸ் ஏறினார். ஜோ ஸ்டார்ட் அடித்த பந்து வலது பக்கம் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மெக்வே ஜனங்களுக்கு நடுவே புகுந்து அதை எடுத்து எறிவதற்குள் ஸ்மித் வந்துவிட்டார், 7-6. அடுத்து கேப்டன் ஃபெர்குசன். வலது கை ஆட்டக்காரரான அவர் அன்று இடது பக்கம் நின்று அடித்தார். ஜார்ஜ் ரைட் நிற்கிற பக்கமே பந்து போகக் கூடாது என்பதற்காக. ஜார்ஜுக்கு இதைவிட வேறு பாராட்டு வேண்டாம். அடி விழுந்தது, 7-7. கடைசியாக கூல்டிடம் ஒரு பந்து போனது. சரியாகப் பிடிபடவில்லை, அவசரத்தில் இரண்டாம் பேஸுக்கு எறிந்தது தவறிப் போனது. ஃபெர்குசன் ஓடி வந்து சேர்ந்தார். 8-7.

அன்றிரவு சாம்பியன் ஊருக்குத் தந்தி அடித்தார்: இதைவிடச் சிறந்த ஆட்டம் நடந்ததே இல்லை, நம் பையன்கள் அருமையாக ஆடினார்கள், அதிர்ஷ்டம் எதிராக இருந்தது, தோற்றோம், ஆனால் அவமானப்படவில்லை என்று. முழு உண்மை. 57 வெற்றியைவிட, ஹாரி டிராவை மறுத்த அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த அணி என்ன ஆனது?
— வாசகர், புதுச்சேரி

அந்த வருடம் மொத்தம் ஆறே ஆட்டங்களில்தான் தோற்றார்கள். ஆனாலும் கூட்டம் குறைந்தது, சம்பளம் கட்டுப்படியாகவில்லை. 1871-க்குச் சம்பள ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று 1870 நவம்பரில் கிளப் முடிவு செய்துவிட்டது. இவ்வளவு பெயர் வாங்கிக் கொடுத்தவர்களை ஒரு சீசன் பொறுத்துப் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

ஹாரி, ஜார்ஜ், கூல்ட், மெக்வே நால்வரும் பாஸ்டன் போனார்கள், ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு. 1872 முதல் 1875 வரை நான்கு வருடமும் அவர்கள்தான் சாம்பியன். பிரெய்னார்டு உட்பட இன்னும் ஐந்து பேர் வாஷிங்டன் ஒலிம்பிக்ஸ் அணிக்குப் போனார்கள். ஹாரி 1895-ல் காலமானார். ஜார்ஜ் விளையாட்டுச் சாமான் கம்பெனி தொடங்கி நன்றாக வாழ்ந்து 1937-ல் இறந்தார். பாஸ்டனில் ஹாரி கட்டிய அணி பெயர்கள் மாறி, ஊர்கள் மாறி, இப்போது அட்லாண்டா பிரேவ்ஸ் என்று ஆடிக்கொண்டிருக்கிறது.