பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? மாற்றும் முன் அளந்து பாருங்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2018இல் வாங்கிய 150 சிசி கார்புரேட்டர் பைக் வைத்திருக்கிறேன். காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. மீட்டர் விளக்குகள் மங்கிவிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு முன் புதிய பேட்டரி போட்டேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழைய கதைதான். செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. புதிய பேட்டரி போட்டதும் மூன்று வாரம் வண்டி ஒழுங்காகக் கிளம்பியிருக்கிறது. கோளாறு மோட்டாரில் இருந்திருந்தால், பேட்டரி மாற்றிய அன்றைக்கே அது தெரிந்திருக்கும். மூன்று வாரம் கழித்துப் படுத்தது என்றால், பேட்டரிக்குப் போக வேண்டிய சார்ஜ் போகவில்லை, அல்லது ஏறிய சார்ஜ் வண்டி நிற்கும்போது எங்கோ கசிகிறது, அல்லது தடித்த ஒயர் இணைப்பு ஒன்று நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டு வருகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். அளந்து பார்க்காமல் பேட்டரி, ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் வாசகர்கள் இழக்கும் பணத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் சாவி போடாமலேயே பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது, 11.8 என்றால் காலி. ஆனால் இந்த ஓர் அளவை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது; உள்ளே பலமிழந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டக்கூடும். எனவே மீட்டர் முனைகளை எடுக்காமல், நியூட்ரலில் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் பட்டனை மூன்று நான்கு விநாடிகள் அழுத்தச் சொல்லுங்கள். அப்போது மின்னழுத்தம் 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரியே பலவீனம். விட்டு விட்டு ‘டக் டக்’ என்று கேட்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான்: ரிலே ஒட்டுகிறது, மோட்டார் இழுத்ததும் மின்னழுத்தம் விழுகிறது, ரிலே விட்டுவிடுகிறது, மின்னழுத்தம் ஏறியதும் மறுபடி ஒட்டுகிறது. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, விளக்கும் மங்காமல், பேட்டரி முனையில் 12 வோல்ட் அப்படியே நின்றால், அப்போதுதான் ரிலேயின் உள்முனைகள் கருகியிருப்பதையோ மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதையோ யோசிக்க வேண்டும்.

பேட்டரி சரிகிறது என்று தெரிந்தால், அடுத்த கேள்வி அது ஏன் சரிகிறது என்பது. வெளிச் சார்ஜரில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொடுத்து 4000 முதல் 5000 ஆர்.பி.எம். வரை உயர்த்திப் பாருங்கள். பேட்டரி முனையில் சுமார் 13.5 முதல் 14.8 வோல்ட் வர வேண்டும். எவ்வளவு முடுக்கினாலும் மின்னழுத்தம் உயரவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கெட்டுப்போய்ப் பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏறாத வண்டியில் என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலைக் கழற்றுவதற்கு முன், காயிலிலிருந்து வரும் ஒயர்கள் ஆர்.ஆர். யூனிட்டுடன் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) சேரும் கப்ளரை, அதாவது செருகு இணைப்பை, இழுத்துப் பாருங்கள். கோளாறு அங்கே என்றால், வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி மட்டும் உருகியிருக்கும். அந்தப் பின்னும் பளபளப்பை இழந்து கருத்திருக்கும். இந்த ஒரு பின்னுக்காகக் காயில், ஆர்.ஆர். யூனிட், பேட்டரி மூன்றையும் மாற்றியவர்கள் உண்டு. மூன்று மஞ்சள் ஒயர்கள் வரும் வண்டியானால், கப்ளரைக் கழற்றிய நிலையில் எந்த இரண்டு மஞ்சள் ஒயர்களுக்கு இடையில் அளந்தாலும் ஒரே மாதிரியான, மிகக் குறைந்த ஓம் காட்ட வேண்டும். எந்த மஞ்சள் ஒயரும் என்ஜின் உலோகத்துடன் தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் காயில் கருகியிருக்கிறது என்று பொருள்.

சார்ஜ் சரியாக ஏறுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் கசிவைத் தேட வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக இணையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில்தான் தொடங்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. வண்டியின் டிஜிட்டல் மீட்டரில் கடிகாரம் இருந்தால் ஓரிரு மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 20 மில்லி ஆம்பியர் போனால், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஏறத்தாழ 10 நாளில் காலியாகிவிடும். வெளியில் மாட்டிய அலாரம், ஜி.பி.எஸ்., சாவி இல்லாமலே வேலை செய்யும்படி நேரடியாக இழுத்த செல்போன் சார்ஜர் ஆகியவற்றின் பியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அதுதான் குற்றவாளி.

மூன்றாவது சந்தேகம் இணைப்புகள். மெக்கானிக்குகள் பலர் இதைத் தவறவிடக் காரணம், பழுதான இணைப்பு வழியாகவும் விளக்கு நன்றாக எரியும் என்பதே. டெர்மினலில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆம்பியர்கூட எடுக்காத டெயில் விளக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும்போது அதே இடத்தில் 2.5 வோல்ட் வீணாகிவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது அதற்கு மேல் மிஞ்சியதுதான். ஆகவே செல்ஃப் அழுத்தப்படும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையிலும் (போல்ட்டில் அல்ல), மறுமுனையை என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பாசிட்டிவ் தலைக்கும் மோட்டாரின் போல்ட்டுக்கும் இடையில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் ஒயர் என்ஜினில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். பாதி வண்டிகள் இந்தச் செலவில்லாத வேலையிலேயே கிளம்பிவிடும் என்பது என் கருத்து.

கடையில் ஆசிட் ஊற்றிய கையோடு, முதல் சார்ஜ் செய்யாமலே உங்கள் பேட்டரியை மாட்டிக் கொடுத்தார்களா என்பதையும் விசாரியுங்கள். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியை அதன் பத்தில் ஒரு பங்கான அரை ஆம்பியரில் மணிக்கணக்கில் சார்ஜ் செய்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத கடையில் வாங்கிய புதிய பேட்டரி, முதல் நாளிலிருந்தே அரைகுறைப் பேட்டரிதான்.

கேள்வி: என் பி.எஸ். 6 பைக்கை வாட்டர் சர்வீஸ் செய்து வாங்கினேன். மறுநாள் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. தள்ளிப் பார்த்தும் பயனில்லை. பெட்ரோல் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் பேட்டரியையும் மோட்டாரையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டரின் இடத்தை ஃபியூயல் இன்ஜெக்ஷன் பிடித்துக்கொண்டது. இவற்றில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க் மூன்றும் வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியூவின் கட்டளைப்படி நடப்பதால், தள்ளி ஸ்டார்ட் செய்வதை நம்ப முடியாது.

முதலில், என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு ‘ஆஃப்’ பக்கம் போயிருப்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு அமைதியான இடத்தில் நின்று சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று விநாடிகள் ‘ஊங்’ என்ற பம்ப் சத்தம் வர வேண்டும். மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்து அடங்க வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் இசியூவுக்கு மின்சாரம் போகவில்லை. பியூஸ், ரிலே, கில் சுவிட்ச் இவற்றில் எங்கோ துண்டிப்பு. விளக்கு வந்து பம்ப் சத்தம் மட்டும் இல்லையென்றால் பம்ப் கப்ளரையும் ரிலேயையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் ஸ்பார்க் பக்கம் போகலாம்.

அழுத்தமாக நீர் அடிக்கும்போது முதலில் நனைவது பிளக் குழியும், தரைக்கு அருகில் இருக்கும் சைடு ஸ்டாண்டு சுவிட்சும்தான். அந்தச் சுவிட்சில் நீர் தேங்கினால், ஸ்டாண்டு மேலே இருந்தாலும் கீழே இருப்பதாக வண்டி எடுத்துக்கொள்ளும். மாடலைப் பொறுத்துச் செல்ஃபே சுற்றாமல் போகலாம், அல்லது சுற்றியும் ஸ்பார்க் மட்டும் நிறுத்தப்படலாம். சாவியை அணைத்துவிட்டு அந்தக் கப்ளர்களைப் பிரித்து, காற்று அடித்து, நிழலில் காய விட்டு மாட்டுங்கள்.

ஸ்பார்க் பார்ப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வேறொரு நல்ல பிளக்கைப் பிளக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை என்ஜின் உலோகத்தில் உறுதியாக ஒட்டி வைத்துத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். எங்கும் எர்த் ஆகாமல் கேப்பைத் தொங்கவிட்டால் இக்னிஷன் காயிலும் இசியூவும் கெடக்கூடும். கழற்றிய பிளக் துளைக்கு அருகில் ஒருபோதும் ஸ்பார்க் விடாதீர்கள். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். இத்தனைக்குப் பிறகும் ஸ்பார்க் இல்லை, என்ஜின் விளக்கும் அணையாமல் எரிகிறது என்றால், ஸ்கேன் கருவி உள்ள சர்வீஸ் சென்டரில் பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்வதுதான் சரியான வழி.

கேள்வி: சாவி போட்டு ஓட்டும்போது அவ்வப்போது பியூஸ் போய் வண்டி நின்றுவிடுகிறது. பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொள்ளும்படி நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பியூஸ் போவது கோளாறு அல்ல. கோளாறு இருக்கிறது என்ற எச்சரிக்கை. கம்பியைச் சுற்றினால் அடுத்து உருகப்போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடும் ஒயரிங்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்கப் பழைய கைக்காரர்களின் எளிய வழி ஒன்று உண்டு. 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் இரு ஒயர்களையும், போன பியூஸின் இடத்தில் இணையுங்கள். விளக்கு, ஹாரன், பிரேக் எதையும் இயக்காமல் சாவியைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் பாயாது என்பதால் ஒயர் எரியாது. இனி ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள், பிரேக் பெடலை அழுத்துங்கள், சீட்டுக்கு அடியிலுள்ள ஒயர் கட்டை அசையுங்கள், கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைத் தொட்டதும் பல்பு மங்குகிறதோ அல்லது திடீரெனப் பளிச்சிடுகிறதோ, உறை உரிந்த ஒயர் அங்கே இருக்கிறது. உங்களுக்கு ‘அவ்வப்போது’ நடப்பதால், ஹேண்டில் திரும்பும்போது வளைந்து வளைந்து தேயும் கழுத்துப் பகுதி ஒயர்கள் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம். அடுத்தது, நீங்கள் கூடுதலாக மாட்டியிருக்கக்கூடிய எல்.இ.டி. விளக்கு. வண்டி வயலோரமோ வைக்கோல் கொட்டகையிலோ நிற்குமானால், எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பழைய கிக்கர் வண்டியைப் பேட்டரியே இல்லாமல் ஓட்டலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: ஏசி சிடிஐ (சிடிஐ என்பது ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி) உள்ள வண்டி, ஸ்டேட்டர் காயிலிலிருந்தே ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால் பேட்டரி இல்லாமலும் கிளம்பும். டிசி சிடிஐ வண்டிக்குப் பேட்டரி வேண்டும். ஏசி சிடிஐ வண்டி கிளம்பினாலும், மின்னழுத்தத்தைத் தாங்கி நிலைப்படுத்தப் பேட்டரி இல்லாததால், முடுக்கும்போது பல்புகளும் மீட்டரும் போகும் அபாயம் உண்டு. அவசரத்துக்கு வீடு வந்து சேரலாம். அதையே வழக்கமாக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

கேள்வி: வளைகுடாவில் வேலை செய்கிறேன். ஊரில் வண்டி பல மாதம் சும்மா நிற்கிறது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பேட்டரி வாங்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ஈய அமில பேட்டரி எதிலும் இணைக்கப்படாமல் இருந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் திரும்பாது. புறப்படுவதற்கு முந்தைய நாள் முழுச் சார்ஜ் செய்து, நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, அடுத்துப் பாசிட்டிவைக் கழற்றி, பேட்டரியை வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர் மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்குக் கீழே போனால் சிறிய தானியங்கிச் சார்ஜரில் போட்டால் போதும். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கடலோரக் காற்றில் டெர்மினல்கள் சீக்கிரம் பூக்கும் என்பதால், மாட்டி இறுக்கிய பிறகு மேலே மெல்லிய படலமாக வாசலின் தடவி விடுங்கள்.